கித்தாருக்கு உருவம் கொடுத்த தச்சர் அன்டோனியோ டி டோரஸ்

சினிமா இசைக் குழுக்களிலும், மாதா கோவில் பாடகர் வரிசையிலும், கல்லூரி விழாக்களிலும் இன்று நாம் காணும் நைலான் நரம்புக் கித்தாருக்கு ஸ்பானிஷ் கித்தார் என்று பெயர். அதன் வயிற்றின் அகலம், நரம்பின் நீளம், மேல்பலகைக்கு அடியில் ஒட்டியிருக்கும் மரச்சட்டங்களின் அமைப்பு ஆகியவை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்பெயின் நாட்டுத் தச்சர் ஒருவரின் பட்டறையில் உருவானவை. அவர் பெயர் அன்டோனியோ டி டோரஸ் ஹுராடோ. வயலினுக்கு ஸ்ட்ராடிவாரி எப்படியோ, கித்தாருக்கு டோரஸ் அப்படி என்று இசையுலகம் அவரைப் போற்றுகிறது.

அவர் கையால் செய்த பழைய கித்தார் இப்போது விற்பனைக்கு வந்தால் லட்சம் டாலருக்கு மேல் விலை போகும். அதைப் பழுது பார்க்கும் வேலையை எல்லாரிடமும் ஒப்படைக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கித்தார்களைச் செய்தவரோ கடன்காரர்களுக்குப் பதில் சொல்லியே பாதி வாழ்நாளைக் கழித்தவர். தொழிலை நம்பிக் குடும்பம் நடத்த முடியாமல் பீங்கான் கடை வைத்துப் பிழைத்தவர். 75 ஆண்டு வாழ்ந்த அந்தத் தச்சரின் கதை, கைத்தொழிலை நம்பி வாழும் எவருக்கும் அந்நியமானதன்று.

படைக்குத் தப்பிய மணமகன்

ஸ்பெயின் நாட்டின் தென்கோடி அண்டலூசியா. அதன் கடலோர நகரங்களில் ஒன்று அல்மேரியா. மழை குறைந்த வறண்ட பூமி. அந்நகரை ஒட்டிய லா கன்யாடா டி சான் உர்பானோ என்ற சிற்றூரில் 1817ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் தேதி டோரஸ் பிறந்தார். தந்தை ஹுவான் டோரஸ் வரி வசூல் செய்யும் வேலையில் இருந்தார். பையனுக்கு 12 வயதானதும் தச்சு வேலை பழக அனுப்பினார்கள். இழைப்புளியும் உளியும் ரம்பமும் அந்த வயதிலேயே அவர் கைக்குப் பழகிவிட்டன.

1833இல் ஸ்பெயினில் அரசுரிமைக்காக உள்நாட்டுப் போர் மூண்டது. இளைஞர்களைக் கட்டாயமாகப் படைக்கு இழுத்தார்கள். டோரசும் அகப்பட்டார். தந்தை எப்படியோ முயன்று, உடல் தகுதி இல்லை என்ற காரணத்தில் மகனை மீட்டு வந்தார். மறுபடியும் அழைப்பு வரலாம் என்ற அச்சம் வீட்டாரை விடவில்லை. மணமாகாதவர்களையும், பிள்ளையில்லாத விதுரர்களையும் மட்டுமே படைக்கு எடுத்தார்கள் என்பதால், 1835இல் அவசரம் அவசரமாக ஒரு கல்யாணத்தை முடித்து வைத்தார்கள். மாப்பிள்ளைக்கு 18 வயது. கடைக்காரர் ஒருவரின் மகளான ஹுவானா மரியா லோபெஸ் என்ற மணப்பெண்ணுக்கோ 13 வயதுதான்.

போருக்குத் தப்பினார், வறுமைக்குத் தப்ப முடியவில்லை. அடுத்தடுத்து மூன்று பெண் குழந்தைகள் பிறந்தன. 1842இல் பிறந்த கடைசிக் குழந்தை சில மாதங்களிலேயே இறந்தது. இரண்டாவது பெண்ணும் பிழைக்கவில்லை. 1845இல் மனைவியும் காசநோயால் காலமானார். அப்போது அந்த அம்மையாருக்கு வயது 23தான். 28 வயதிலேயே மனைவியையும் இரு மக்களையும் அடக்கம் செய்துவிட்ட டோரஸ், தலைக்கு மேல் கடனோடு நின்றார். மேசை நாற்காலி செய்யும் தச்சு வேலையால் அந்தக் கடன் தீரும் என்று தோன்றவில்லை.

செவில் நகரப் பட்டறை

கித்தார் செய்யும் கலையை அவர் எங்கே கற்றார் என்பதில் பலவிதமான பேச்சு உண்டு. கிரனடா நகரில் ஹோசே பெர்னாஸ் என்ற தேர்ந்த கித்தார் தச்சரிடம் கொஞ்ச காலம் இருந்திருக்கலாம் என்பார்கள். எப்படியாயினும், 1840களில் அண்டலூசியாவின் பெருநகரமான செவிலுக்கு வந்து சேர்ந்தார். கித்தார் பட்டறைகள் நிறைந்த செர்ராஹெரியா தெருவில், மானுவேல் சோட்டோ என்ற இன்னொரு தச்சரோடு இடத்தைப் பகிர்ந்துகொண்டு கடை போட்டார்.

தொடக்கத்தில் கித்தார் அவருக்கு முழுநேரத் தொழில் ஆகவில்லை. வந்த வேலையைச் செய்துகொண்டே இடையிடையே சில கித்தார்களைச் செய்தார். அவற்றில் ஒன்று அன்று பெயர் பெற்றிருந்த வாசிப்பாளர் ஹூலியன் ஆர்க்காசின் காதில் பட்டதும் நிலைமை மாறியது. ஆர்க்காசும் அல்மேரியா பகுதியைச் சேர்ந்தவர். டோரசைவிட 15 வயது இளையவர். மற்ற வேலைகளை விட்டுவிட்டுக் கித்தார் செய்வதையே தொழிலாகக் கொள்ளும்படி தூண்டியவர் அவரே என்று சொல்லப்படுகிறது. மேடையில் வாசிப்பவனுக்கு எப்படிப்பட்ட நாதம் வேண்டும், எங்கே ஓசை குன்றுகிறது என்பதையெல்லாம் ஆர்க்காஸ் எடுத்துச் சொல்ல, டோரஸ் அதை மரத்தில் செய்து பார்த்தார்.

1852 முதல் 1869 வரை செவில் நகரில் அவர் செய்த கித்தார்களை முதல் காலத்தவை என்று இசை வல்லுநர்கள் பிரித்துச் சொல்கிறார்கள். 1856இல் செய்து பெண்சிங்கம் என்ற பொருளில் லா லியோனா எனப் பெயர் பெற்ற கித்தார் இக்காலத்தைச் சேர்ந்தது. 1858இல் செவிலில் நடைபெற்ற பொருட்காட்சியில் அவருடைய கித்தாருக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது.

மேல்பலகைதான் பேசுகிறது

டோரஸ் என்ன புதுமை செய்தார்? அன்றைய கித்தார் சின்ன உடம்புடையது. வீட்டுக் கூடத்தில் நாலு பேர் சுற்றி அமர்ந்து கேட்க ஏற்றது. அரங்கின் கடைசி வரிசைக்கு அதன் ஓசை எட்டாது. பியானோவும் வயலினும் பெரிய மண்டபங்களை ஆண்ட காலத்தில் கித்தார் மதுக்கடைகளிலும் முடிதிருத்தும் கடைகளிலும் ஒதுங்கிக் கிடந்தது.

நரம்பைத் தட்டினால் எழும் அதிர்வு மிகச் சிறியது. குதிரை என்னும் பகுதி வழியாக அது மேல்பலகைக்குப் போகிறது. மெல்லிய அந்தப் பலகை அதிர்ந்து காற்றை அசைப்பதால்தான் நம் காதுக்கு இசை எட்டுகிறது. பலகை தடித்திருந்தால் அதிராது. மெலிந்திருந்தால் ஆறு நரம்புகளின் இழுப்பைத் தாங்காமல் வளைந்து பிளந்துவிடும். இன்றைய நைலான் நரம்புகளைச் சுருதி சேர்த்து முறுக்கினால் மொத்த இழுவிசை ஏறத்தாழ 40 கிலோ வரும். அதைத் தாங்கும் பலகையின் கனமோ இரண்டு மில்லிமீட்டரை ஒட்டியது. தாங்கவும் வேண்டும், அதிரவும் வேண்டும் என்ற இந்த இக்கட்டுக்கு வழி கண்டவர் டோரஸ்.

முதலில் கித்தாரின் உடலை, முக்கியமாக இடுப்புக்குக் கீழ்ப்பட்ட பாகத்தைப் பெரிதாக்கினார். மேல்பலகையை மேலும் மெல்லியதாக இழைத்தார். அதைத் தட்டையாக விடாமல் கண்ணுக்குத் தெரியாத அளவில் குமிழ்போல் உயர்த்தினார். அடிப்புறத்தில் ஏழு மெல்லிய சட்டங்களை விசிறி விரித்தது போல் ஒட்டினார். விசிறிச் சட்டங்கள் அவர் கண்டுபிடித்தவை அல்ல. அவருக்கு முன்பே காடிஸ் நகரத் தச்சர்கள் கையாண்ட முறைதான் அது. ஆனால் எந்தச் சட்டம் எங்கே, எந்தச் சாய்வில், எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்ற கணக்கை ஒழுங்கு செய்து நிலைநிறுத்தியவர் டோரஸ். அதிரும் நரம்பின் நீளத்தை 65 சென்டிமீட்டராக வைத்தார். இன்றும் உலகெங்கும் ஸ்பானிஷ் கித்தாருக்கு அதுவே பொது அளவாக இருக்கிறது. சில கித்தார்களில் ஒலித்துளைக்கு அடியில் உலோகத் தகட்டுக் குழாய் ஒன்றையும் பொருத்தினார். ஓசைக்கு ஆழம் கொடுப்பது அதன் நோக்கம்.

அட்டைக் கித்தார்

முதுகுக்கும் விலாவுக்கும் உயர்ந்த மரம் போட்டால்தான் நல்ல நாதம் வரும் என்பது அன்றைய நம்பிக்கை. பிரேசில் நாட்டிலிருந்து வந்த விலையுயர்ந்த ரோஸ்வுட் பலகைகளைப் பணக்காரர்கள் கேட்டு வாங்கினார்கள். டோரஸ் இதை ஏற்கவில்லை. வாதம் செய்து பொழுதைப் போக்காமல் 1862இல் ஒரு கித்தாரைச் செய்து காட்டினார். மேல்பலகை வழக்கம்போல் நல்ல மரம். முதுகும் விலாவும் காகிதக் கூழால் ஆன வெறும் அட்டை. அதை வாசித்தபோது அட்டையிலிருந்து வந்த ஓசை என்று யாரும் சொல்ல முடியவில்லையாம். நாதத்தைத் தருவது மேல்பலகையே என்ற அவருடைய முடிவுக்கு இந்த அட்டைக் கித்தாரே சாட்சியாயிற்று. பார்சிலோனா நகர இசை அருங்காட்சியகத்தில் அதைப் பாதுகாத்து வருகிறார்கள். இப்போது வாசிக்கும் நிலையில் அது இல்லை.

ஏழைக்கும் நல்ல கித்தார் செய்யலாம் என்பது இந்தச் சோதனையிலிருந்து கிடைத்த பலன். வசதியுள்ளவர்களுக்கு ரோஸ்வுட்டிலும் மேப்பிளிலும் நுட்பமான சித்திர வேலையோடு செய்தார். கைப்பணம் குறைந்தவர்களுக்கு உள்ளூர் சைப்ரஸ் மரத்தில் எளிமையாகச் செய்தார். ஆனால் மேல்பலகை வேலையில் இரண்டுக்கும் வித்தியாசம் வைக்கவில்லை. வழக்கமாக இரண்டு துண்டு சேர்த்துச் செய்யும் மேல்பலகையை, மூன்று நான்கு துண்டுகளை இணைத்து அவர் செய்த கித்தார்களும் உண்டு. மரத் துண்டுகளை வீணாக்காத தச்சரின் சிக்கனம் அதில் தெரிகிறது. இணைப்பு எங்கே என்று தேடிப் பார்த்தால்தான் கண்ணுக்குப் படும். காதுக்குப் படவே படாது.

டாரெகா வாங்கிய கித்தார்

1869இல் ஓர் இளைஞர் செவில் பட்டறைக்கு வந்தார். 17 வயதுகூட நிறையாத அவர் பெயர் பிரான்சிஸ்கோ டாரெகா. சிறுவயதில் வாய்க்காலில் விழுந்து கண் பாதிக்கப்பட்டவர். பார்வை போய்விட்டாலும் பிழைத்துக்கொள்ளட்டும் என்று பெற்றோர் அவரை இசை கற்க விட்டார்கள். அவருடைய முதல் ஆசிரியர்கள் இருவருமே கண்பார்வையற்றவர்கள். ஏழைப் பையனின் கையில் நல்ல வாத்தியம் இல்லையே என்று இரங்கிய வணிகர் ஒருவர், தம் செலவில் அவரை டோரசிடம் அழைத்து வந்திருந்தார்.

டோரஸ் முதலில் எடுத்துக் கொடுத்தது சாதாரண விலைக் கித்தார் ஒன்று. பையன் அதில் வாசிக்கத் தொடங்கினான். தச்சர் சிறிது நேரம் கேட்டிருந்தார். பிறகு உள்ளே போய் வேறொரு கித்தாரைக் கொண்டு வந்து கொடுத்தார். அது 1864இல் அவர் தமக்கென்று செய்து, விற்காமல் வைத்திருந்தது. கடனில் இருந்த மனிதர் பணக்காரர் எவருக்கும் விற்காத பொருளை, அதற்குரிய கை வந்ததும் கொடுத்தார் என்று இந்த நிகழ்ச்சியைக் கித்தார் வாசிப்பவர்கள் நெகிழ்ச்சியோடு சொல்வதுண்டு.

அந்தக் கித்தாரை டாரெகா ஏறத்தாழ 20 ஆண்டுகள் வாசித்தார். இடைவிடாத வாசிப்பில் மேல்பலகை நலிந்து பழுது பார்க்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது. பிறகு 1888இல் டோரஸ் செய்த இன்னொரு கித்தாரும் அவர் கைக்கு வந்தது. கித்தாரைக் கச்சேரி மேடைக்கு உரியதாக்கிய மேதை என்று டாரெகாவைச் சொல்வார்கள். அவர் 1902இல் இயற்றிய கிரான் வால்ஸ் என்ற இசைத் துண்டின் ஒரு சிறு பகுதியே பின்னாளில் நோக்கியா செல்போனின் மணியோசையாக உலகெங்கும் ஒலித்தது. சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை இயங்கிய தொழிற்சாலையில் செய்த செல்போன்களும் அந்த இசையைத்தான் சுமந்து போயின.

பீங்கான் கடை

பதக்கமும் பெயரும் கிடைத்த பிறகாவது டோரசின் வாழ்வு நிமிர்ந்ததா என்றால், இல்லை. 1868இல் ஹோசேபா மார்ட்டின் ரொசாடோ என்ற அம்மையாரை அவர் மறுமணம் செய்துகொண்டார். அதே ஆண்டு புரட்சி வெடித்து ஸ்பெயின் ராணி நாட்டை விட்டு ஓடினார். கித்தாரை நம்பிக் குடும்பம் நடத்த முடியாத நிலை. 1870 வாக்கில் டோரஸ் செவில் பட்டறையை மூடினார். சொந்த ஊரான அல்மேரியாவுக்குத் திரும்பி, மனைவியோடு சேர்ந்து பீங்கானும் கண்ணாடிச் சாமானும் விற்கும் கடையைத் திறந்தார். தம் காலத்தின் தலைசிறந்த கித்தார் தச்சர் 53 வயதில் தட்டும் கோப்பையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

சுமார் ஐந்து ஆண்டுகள் அப்படிக் கழிந்தன. ஆனால் பழகிய கை சும்மா இருக்கவில்லை. 1875 வாக்கில் கடை வேலை ஓய்ந்த நேரங்களில் மறுபடியும் கித்தார் செய்யத் தொடங்கினார். இந்தக் கித்தார்களின் உள்ளே ஒட்டிய சீட்டில் இரண்டாம் காலம் என்று அச்சிட்டு, வரிசை எண்ணும் கொடுத்தார். விட்ட தொழிலை மறுபடி கையில் எடுத்த நாளிலிருந்து கணக்கைப் புதிதாகத் தொடங்கிவிட்டார். 1883இல் ஹோசேபா அம்மையாரும் காலமானார். அதன் பிறகு டோரசுக்குப் பட்டறையே துணையாயிற்று. 66 வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு டஜன் கித்தார்கள் செய்தார். இளமையில்கூட அவ்வளவு வேகம் அவருக்கு இருந்ததில்லை. இரண்டாம் கால வரிசை எண் 150ஐத் தாண்டியது.

விரல் நுனியில் இருந்த இரகசியம்

முதுமையில் கை நடுங்கியது. சிறு வேலைகளில் அவருக்கு உதவியவர், பிற்காலத்தில் பாதிரியாராக விளங்கிய ஹுவான் மார்ட்டினெஸ் சிர்வென்ட். டோரஸ் மறைந்து 40 ஆண்டுகள் ஆனபோது அவர் எழுதிய கடிதம் ஒன்று அந்த நாட்களைப் பற்றிய முக்கியமான சான்றாக இருக்கிறது. சில வேலைகளை டோரஸ் யாரும் பாராமல் தனியே செய்வது வழக்கமாம். இந்த இரகசியத்தை உலகுக்குச் சொல்லாமல் போகலாமா என்று வேண்டியவர்கள் கேட்டபோது, சொல்ல மனமில்லாமல் இல்லை, சொல்ல முடியாது என்பதே அவர் பதிலாக இருந்தது. மேல்பலகையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் பார்க்கும்போது, போதும் என்று விரல் நுனிக்குத் தெரிகிறதே, அதை எழுத்தில் எப்படித் தருவது என்று அவர் விளக்கியதாகத் தெரிகிறது.

உண்மையும் அதுதான். ஒரே மரத்திலிருந்து அறுத்த இரு பலகைகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று இறுக்கமாக இருக்கும், மற்றொன்று வளைந்து கொடுக்கும். இரண்டையும் ஒரே கனத்துக்கு இழைத்தால் ஒன்று பாடும், ஒன்று ஊமையாகும். அளவுகோல் சொல்லாததை விரல் சொல்ல வேண்டும். அதற்கு ஆயுள் முழுவதும் பழகியிருக்க வேண்டும்.

1892ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் தேதி டோரஸ் காலமானார். தம் தொழிலைத் தொடர ஒரு சீடரையும் அவர் விட்டுச் செல்லவில்லை.

பழுது பார்த்தவர்கள் கற்ற பாடம்

குருவிடம் நேரே கற்காமலே பின்வந்த தச்சர்கள் டோரஸ் முறையைப் பிடித்தார்கள். பழுதுக்கு வந்த டோரஸ் கித்தார்களைத் திறந்தும், வாசிப்பாளர்களிடம் இருந்தவற்றைக் கையில் வாங்கி அளந்தும் கற்றுக்கொண்டார்கள். அவர் சொல்லாமல் போனதில் ஒரு பகுதியை அவர் செய்த மரமே சொல்லியது.

பழைய கித்தாருக்கு வரும் நோய்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். மரம் காற்றின் ஈரத்தை இழுக்கும், விடும். வறண்ட காலத்தில் சுருங்கி, நார் ஓடும் திசையில் மேல்பலகை பிளக்கும். ஆண்டுக்கணக்கில் நரம்புகள் இழுத்துக்கொண்டே இருப்பதால் குதிரையின் பின்புறம் உப்பி, முன்புறம் தாழும். உள்ளே விசிறிச் சட்டங்களின் ஒட்டு விடும். தட்டினால் கறகற என்ற ஓசை அதைக் காட்டிக் கொடுக்கும். விரல் பட்டுப் பட்டு மெட்டுகள் தேயும்.

சிறிய குறை என்றால் ஒலித்துளை வழியாகக் கண்ணாடியும் விளக்கும் விட்டுப் பார்த்து, கையை நுழைத்துச் சரி செய்வார்கள். பெரிய குறை என்றால் முதுகுப் பலகையைக் கழற்ற வேண்டும். இங்கேதான் பழைய தச்சர்களின் புத்திசாலித்தனம் புரியும். அவர்கள் ஒட்டியது நம் ஊர்த் தச்சர்களும் அறிந்த வச்சிரத்தால். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் அந்தப் பசை இறுகினால் கல். ஆனால் சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும். மெல்லிய தகட்டுக் கத்தியைச் சூடாக்கி, ஓரத்தில் அங்குலம் அங்குலமாக நுழைத்தால் பலகை சேதமில்லாமல் கழன்று வரும். நூறு ஆண்டு கழித்து இன்னொரு தச்சர் திறக்க வேண்டி வரும் என்பதற்கு ஏற்ற பசை அது. அவசரத்துக்கு இக்காலத்துச் செயற்கைப் பசையை ஊற்றியவர்கள், அடுத்து வருபவர் மரத்தையே உடைத்தால்தான் திறக்க முடியும் என்ற நிலையை உண்டாக்கிவிட்டார்கள்.

பிளவைச் சேர்த்து ஒட்டி, உட்புறத்தில் நாருக்குக் குறுக்காகச் சின்ன மரத்துண்டுகளை வைத்து வலுவூட்டுவார்கள். விட்டுப்போன சட்டத்தை எடுத்தெறியாமல் அதையே மறுபடி ஒட்டுவார்கள். மேல் மெருகில் கை வைப்பதில்தான் மிகுந்த கவனம் தேவை. அக்காலத்துக் கித்தார்களுக்கு அவலரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணி உருண்டையால் நூற்றுக்கணக்கான தடவை தேய்த்து மெருகேற்றுவார்கள். பிரெஞ்சு பாலீஷ் என்று நம் தச்சர்கள் சொல்லும் வேலைதான் இது. அரக்கு விளையும் நாடுகளில் முக்கியமானது இந்தியா என்பதை இங்கே நினைவுகூரலாம். பளபளப்பாக்குகிறேன் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்த மெருகோடு மரமும் போய்விடும். இரண்டு மில்லிமீட்டர் பலகையில் அரை மில்லிமீட்டர் போனால் கால் பங்கு போயிற்று என்று பொருள். டோரசின் விரல் நுனி முடிவு செய்த கனம் அதோடு அழிந்தது.

இதனால் பழைய கித்தாரை வாங்குபவர்களிடையே இரண்டு கருத்துகள் உண்டு. இருந்தபடியே கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்பது ஒன்று. வாத்தியம் வாசிக்கப்பட வேண்டும், அதற்குத் தேவையான அளவு மட்டும் பழுது பார்க்கலாம் என்பது மற்றொன்று. டாரெகாவின் சீடர் மிகேல் யோபெட் வாசித்த 1859ஆம் ஆண்டு டோரஸ் கித்தார் பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாதுகாப்புப் பொருளாக இருந்தபோதிலும், அதில் இக்காலத்து வாசிப்பாளர் வாசித்த இசைத்தட்டும் வெளிவந்துள்ளது. இரு கருத்துக்கும் இடம் கொடுத்த ஏற்பாடு அது.

போலிச் சீட்டுகள்

விலை ஏற ஏறப் போலிகளும் பெருகின. டோரஸ் பெயர் போட்ட சீட்டை அச்சடித்து, எவரோ செய்த பழைய கித்தாரில் ஒட்டி விற்றவர்கள் உண்டு. சீட்டை நம்பி வாங்கி ஏமாந்தவர்களும் உண்டு. ஆகவே அறிந்தவர்கள் சீட்டைக் கடைசியாகத்தான் பார்ப்பார்கள். விசிறிச் சட்டங்களின் சாய்வு, ஓரங்களின் வேலைப்பாடு, தலைப்பகுதியைச் செதுக்கிய விதம் ஆகியவற்றையே முதலில் நோக்குவார்கள். மேல்பலகையில் தெரியும் ஆண்டு வளையங்களைக் கணக்கிட்டு, அந்த மரம் எந்தக் காலம் வரை வளர்ந்தது என்று சொல்லும் முறையும் வந்துவிட்டது. டோரஸ் இறந்த பிறகு வளர்ந்த வளையம் ஒன்று தென்பட்டால் அந்தக் கித்தார் அவருடையதன்று.

இந்த ஆராய்ச்சியில் பெரும் பங்கு ஹோசே ரொமனிலோஸ் என்பவருக்கு உரியது. ஸ்பெயினில் பிறந்து, பிழைப்புக்காக இங்கிலாந்து சென்று, தச்சராக இருந்து கித்தார் தச்சரானவர். பல நாடுகளிலும் டோரஸ் கித்தார்களைத் தேடிப் பார்த்து, அளந்து, ஊர்ப் பதிவேடுகளைப் புரட்டி, 1987இல் டோரசின் வாழ்க்கையை நூலாக எழுதினார். டோரஸ் செய்தவை சுமார் 320 இருக்கலாம் என்பது மதிப்பீடு. திருத்திய பதிப்பின் பட்டியலில் சேர்ந்தவை 88. மற்றவை அழிந்தனவோ, யார் வீட்டுப் பரணில் தூங்குகின்றனவோ. ரொமனிலோஸ் 2022இல் காலமானார்.

ஈட்டி மரமும் கித்தாரும்

யோபெட்டின் கித்தாரைக் கண்ட ஜெர்மானியத் தச்சர் ஹெர்மன் ஹவுசர், தாம் அதுவரை செய்துவந்த முறையை விட்டு ஸ்பானிய வழிக்குத் திரும்பினார். 1937இல் அவர் செய்த கித்தாரைத்தான் ஆந்த்ரே செகோவியா 25 ஆண்டு காலம் உலக மேடைகளில் வாசித்தார். டோரஸ் வகுத்த அளவு இவ்வாறு நாடு கடந்தது.

பிரேசில் ரோஸ்வுட் மரம் அழிவின் விளிம்புக்கு வந்ததால் 1992இல் அதன் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை வந்தது. அதற்கு முன்பிருந்தே கித்தார் தச்சர்கள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் ஈட்டி மரத்தை நாடத் தொடங்கியிருந்தார்கள். தோதகத்தி என்றும் நாம் சொல்லும் கரிய மரம் அது. கர்நாடகம், கேரளம், தமிழகக் காடுகளில் வளர்ந்த அந்த மரம்தான் இன்று உலகின் எத்தனையோ கித்தார்களுக்கு முதுகும் விலாவும். பழுதுபட்ட பழைய பிரேசில் பலகைக்கு நம் ஈட்டியைத் துண்டு வைக்கலாமா கூடாதா என்பது பழுது பார்ப்பவர்கள் வாதிடும் விஷயம். அட்டையில் கித்தார் செய்து காட்டிய டோரஸ் இந்த வாதத்தில் எந்தப் பக்கம் இருந்திருப்பார் என்பதை ஊகிப்பது கடினமன்று.

இன்று அல்மேரியா நகரில் டோரசின் பெயரால் கித்தார் அருங்காட்சியகம் இருக்கிறது. கடனுக்கும் பிழைப்புக்கும் ஓடிய மனிதரை ஊர் மறக்கவில்லை. அவர் கித்தாரைத் திறந்து பார்க்கும் தச்சர்கள் இன்னும் ஒன்றைக் கண்டு வியக்கிறார்கள். வாங்குபவர் கண்ணுக்கு ஒரு நாளும் படாத உட்புறச் சட்டங்களையும் அவர் கொஞ்சமும் குறைவில்லாமல் இழைத்துச் சீராக முடித்திருக்கிறார். எளிய சைப்ரஸ் கித்தாரிலும் அப்படித்தான். பழுது பார்ப்பவர் ஒருவர் என்றாவது திறந்தால் மட்டுமே தெரியும் அந்த வேலைக்கு அவருக்கு யாரும் தனியாகக் கூலி கொடுத்ததில்லை.